சாமியார் கோபுரத்துக்கு ஒரு பிடி சோறு

சாமியார் கோபுரம் முதல் முறையாக எங்கள் வாசலுக்கு வந்து நின்ற அன்றைக்கு நான் கூரை இல்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தேன், மடியில் என் மகள் கயல் பால் குடித்துக்கொண்டிருந்தாள், வெயில் நேராக எங்கள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது, பச்சை மிளகாயை ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தால் வாசலை அடைத்துக்கொண்டு செங்கல் செங்கலாக அது நிற்கிறது.

கூரை இல்லாத வீடு என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். அது என் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊர் மாடத்திடல். கடலுக்குப் பக்கம். மண் உப்பு, கிணறு உப்பு, காற்றும் உப்பு. ஊருக்கு நடுவே மூன்று தென்னை உயரத்துக்கு ஒரு செங்கல் கோபுரம். கோயில் கோபுரம் இல்லை, அதில் பொம்மைகள் கிடையாது. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த மொட்டைத் தலைச் சாமியார்கள் இங்கே மடம் கட்டி இருந்தார்களாம், ஓதினார்களாம், செத்தார்களாம், மடம் மண்ணாகப் போய்க் கோபுரம் மட்டும் நின்றதாம். கிழக்குப் பக்கத்தில் ஆள் மார்பு உயரத்தில் ஒரு மாடம். அதில் உட்கார்ந்திருந்த சாமியை என் மாமனார் சின்னப் பையனாக இருந்தபோதே பட்டணத்துக் காட்சிச் சாலைக்கு வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். காலி மாடமும், சுற்றிக் கம்பி வேலியும், வேலியில் ஒரு நீலப் பலகையும் மிச்சம். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அப்படிப் படித்துப் பார்த்ததில் அந்தப் பலகையில் சாமியார்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தொட்டால் ஜெயில் என்பதுதான் இருந்தது.

புயலில் எங்கள் குடிசை போனது. வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே பணம் கொடுத்தது. அஸ்திவாரம் தோண்டி, நிலை நிறுத்தி, ஜன்னல் வைத்து, சுவரை முழுசாக ஏற்றி, கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கிற அன்றைக்கு ஜீப் வந்தது. கோபுரத்தைக் காக்கிற துறையாம். இறங்கியவர்கள் டேப்பை இழுத்தார்கள். கோபுரத்திலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் எதுவும் கட்டக்கூடாதாம். எங்கள் அடுப்படி நூற்றுக்குள்ளே இருந்தது, படுக்கிற இடம் நூற்றுக்கு வெளியே இருந்தது.

"அப்ப படுக்குற எடத்துக்கு மட்டும் கூரை போட்டுக்குறோம் சார்" என்றார் என் வீட்டுக்காரர் நீலமேகம்.

"வீடுன்னா முழுசும் வீடுதாங்க" என்றார் அதிகாரி. கையில் குடை வைத்திருந்தார், மூக்கு அடைத்திருந்தது. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், என்னைக்கூட அம்மா என்றுதான் கூப்பிட்டார். மரியாதையாகவே பேசி ஒரு வீட்டின் கூரையைப் பிடுங்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதே துறைதான் வேலிக்குப் பக்கத்திலேயே பார்க்க வருகிறவர்களுக்கு என்று ஒரு கூடம் கட்டியிருந்தது. பளபளவென்று டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், ஆண் படம் போட்ட கக்கூஸ் ஒன்று, பெண் படம் போட்ட கக்கூஸ் ஒன்று, இரண்டுக்கும் பூட்டு, சாவி காவல்காரர் பக்கிரிசாமி அண்ணன் இடுப்பில். பெரிய ஆட்கள் வந்தால் திறப்பார். கயல் வயிற்றில் இருந்தபோது நிறைமாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் சவுக்குத் தோப்புக்கு நடந்தேன். அந்தப் பூட்டைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். அந்தப் பெண் படத்துக்கு வயிறு தட்டையாக இருந்தது.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் என் பெயரைக் கேட்டதற்கு என் தங்கைதான் தேன்மொழி என்று பதில் சொன்னாள். ஊரில் எனக்கு ஊமைச்சி என்று பெயர்.

அன்றைக்கு அது வந்து நின்றது. நடக்கிற கோபுரத்தைக் கண்டு நான் மலைக்கவில்லை. புயல் அன்றைக்கு எங்கள் கூரை பறந்து போய் ஊருக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடலுக்குள் போனதைப் பார்த்தவள் நான், கூரை பறக்கலாம் என்றால் கோபுரம் நடப்பதற்கு என்ன. எனக்கு வந்தது கோபம். உன்னால்தானே எனக்குக் கூரை இல்லை, இடித்துப் போட்ட மாதிரி கிடக்கிற என் வீட்டுக்கே வந்து நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்க வந்தது, வழக்கம் போல வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆனால் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசலில் ஒருவர் நின்று பார்க்க ஒருவர் சாப்பிடக்கூடாது. நாயாக இருந்தாலும் நம்மை வெறுக்கிற ஆளாக இருந்தாலும் முதல் பிடி நிற்பவருக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் தின்றது உடம்பில் ஒட்டாது, பால் கொடுக்கிறவளாக இருந்தால் பால் கட்டிப்போகும். போகட்டும் என்று காத்திருந்தேன். அது போகவில்லை. கேட்கவும் இல்லை, அசையவும் இல்லை, மாடத்தை என் பக்கம் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. வெயிலில் சோற்றுத் தண்ணீர் சுடத் தொடங்கியது. கடைசியில் கயல் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய், ஒரு பிடி சோற்றைப் பிழிந்து அந்த மாடத்துக்குள் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மாடம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. கோபுரம் திரும்பி, ஒரு தூசி கிளப்பாமல், பனைமரங்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, தன் வேலிக்குள் போய் நின்றுகொண்டது.

சாயங்காலம் இறால் உரிக்கிற வேலை முடிந்து வந்த என் மாமியார் வாசலில் பதிந்திருந்த சதுரக் குழியைப் பார்த்தார்.

"யாருடி வந்தது?"

"கோபுரம், அத்தே."

"என்னாத்துக்காம்?"

"சோத்துக்கு."

"என்னா போட்டே?"

"பழையதுதான்."

"ஊறுகா வெச்சியா?"

"வெக்கல."

"அடிப் பாவி, மொதமொதலா வாசலுக்கு வந்த ஆளுக்கு வெறும் பழையதப் புழிஞ்சு போட்டியா? நாளைக்கு ஊரு என் மூஞ்சிலல்ல துப்பும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் அது பக்கத்து வீட்டு ஜெகதா அக்கா வாசலில் போய் நின்றது. ஜெகதா அக்காவுக்கு வாய் நீளம், கையில் இருந்த விளக்குமாறு அதைவிட நீளம். "என்னா, என் வீட்டையும் நூறு மீட்டருக்குள்ள இழுத்துப் போடலாம்னு பாக்குறியா? போ அங்குட்டு!" என்று மாடத்துக்கு நேராக விளக்குமாற்றை ஆட்டினாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. எங்கள் ஊருக்கு மட்டும்தான் அந்தத் தப்பு வரும். வேறு ஊராக இருந்தால் பேய் என்று ஓடியிருப்பார்கள், சாமி என்று விழுந்திருப்பார்கள். எங்களுக்கு அது அளக்க வந்தது மாதிரி இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் கோபுரம் வெறும் மாடத்தோடு திரும்பிப் போனது. ஜெகதா அக்கா சாப்பிட உட்கார்ந்தாள், தொண்டையில் இறங்கவில்லை. வந்து என் தோளைத் தட்டினாள்.

"ஊமச்சி, ஓட்டடக் கம்ப விட்டுக் குத்துனாக்கூட எறங்காது போலருக்குடி. நீ என்னாத்தப் போட்டே?"

"ஒரு புடி சோறு."

"அவ்வளவுதானா? அதக் கேட்டுத் தொலைச்சா என்னவாம்?"

"கேக்காதுக்கா."

மூன்றாம் நாள் அவள் சுடச்சுடப் போட்டாள். அதன் பிறகு எல்லோரும் போட்டார்கள். நாளைக்கு ஒரு வீடு என்று எந்த வாசலையும் தாண்டாமல், எந்த வாசலுக்கும் ஒரு நாள் கூடுதலாக நில்லாமல், ஓட்டு வீடு குடிசை வீடு பாராமல், உச்சிக்கு முன்னால் வந்து உச்சிக்குள் திரும்பிப் போகும் கோபுரம், அது பிள்ளைக்காரி வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் தொட்டிலில் வெயில் படாதபடி நிழலைச் சாய்த்து நிற்கும், இழவு வீட்டுக்கு வந்தால் சற்றுத் தள்ளி நிற்கும், பிரதான சாலையைக் கடக்கிறபோது நாகப்பட்டினம் பஸ் நிற்கும், டிரைவர் இறங்கி ஒரு பீடி பற்றவைப்பார், மின்சார வாரிய லைன்மேன் ஒரு நாள் வந்து முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார், அது மிதித்த சதுரக் குழிகளில் மழைத் தண்ணீர் நின்று வாத்துகள் நீந்தின, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு மணி அடிக்க நேரமாகிவிட்டதா என்று கோபுரம் எந்தத் தெருவில் வருகிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டன.

மீன் போடலாமா கூடாதா என்று ஒரு பெரிய பேச்சு நடந்தது. சாமியாருக்குக் கருவாடு ஆகாது என்றார் என் மாமியார்.

"போடுறதத் திங்கிறவருதான் சாமியாரு, கேட்டுத் திங்கிறவரு மாப்புள்ள" என்றாள் ஜெகதா அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேலத்தெருக்காரர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் மனத்தாங்கல். கீழத்தெருவில் நின்ற காலோடு எங்கள் வாசலில் வந்து நிற்கலாமா என்று கேட்டார்கள். கோபுரத்திடம் கேட்கவில்லை, எங்களிடம் கேட்டார்கள். நாங்களா அதை ஓட்டிக்கொண்டு போனோம்? அது பாட்டுக்கு நின்றது, அவர்கள் தொண்டையிலும் சோறு இறங்கவில்லை, பிறகு அவர்களும் போட்டார்கள்.

இப்படி ஊர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஜீப் வந்தது.

டேப்பை இழுத்தார்கள். கோபுரம் எந்தெந்த வாசலில் நின்றதோ அந்தந்தக் குழியிலிருந்து இழுத்தார்கள். ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் மாடத்திடலில் யாரும் சுவர் எழுப்பக்கூடாது, மாட்டுக்கொட்டகை போடக்கூடாது, இடிந்ததைக்கூடப் பூசக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு அதிலும் ஒரு ஆசை தோன்றியது.

"சார், கோபுரம் மேலத்தெருவுக்குப் போற நாள்ல எங்க வீட்டுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் சார். அன்னைக்கு ஒரு நாள்ல கூரைய ஊத்திக்கிறோம்."

"அது பழைய எடத்துலதாங்க இருக்கு. எங்க ரெக்கார்டுல அங்கதான் இருக்கு."

"இல்லையே சார், இந்தா எதுக்க நிக்குது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபுரம் எதிரே பூவாயி அத்தை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நிக்கிற எடத்துலயும் இருக்குங்க" என்றார்.

எங்களுக்கு ஒரே ஒரு இடம், அதில் வீடு இல்லை. கோபுரத்துக்கு மட்டும் நின்ற இடம், நிற்கிற இடம், நிற்கப்போகிற இடம் எல்லாம் சொந்தம். அவ்வளவு சொந்தம் இருந்தும் அதற்கு ஒரு வாய் சோறு உண்டா என்றால் அதுவும் இல்லை. இனிமேல் சோறு போட்டால் அபராதம் என்றார்கள். எண்ணூறு வருஷத்துச் செங்கல்லாம், எங்கள் கஞ்சித் தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமாம். எண்ணூறு வருஷம் மழை பெய்ததே, அதில் கெடாதது என் சோற்றில் கெடுமா? இதையும் நான் கேட்கவில்லை. ஜெகதா அக்கா கேட்டாள், "சட்டம் அப்படிங்கம்மா" என்றார்கள்.

பிறகு சங்கிலி வந்தது. கப்பலுக்கு நங்கூரம் போடுகிற மாதிரி சங்கிலி. அதைக் கட்ட நாலு மூலையிலும் கான்கிரீட் தூண் போட்டார்கள், கோபுரத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் குழி தோண்டி, கம்பி கட்டி, கலவை இயந்திரம் வைத்துப் போட்டார்கள். அதற்கு யாரும் டேப்பை இழுக்கவில்லை. நான் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கலவை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு கான்கிரீட் என் அடுப்படிக்குப் போதும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தோம், காற்று அதை ஒரு பக்கம் தூக்கும், தண்ணீர் இன்னொரு பக்கம் தொப்பையாகத் தொங்கும், கம்பை விட்டுத் தள்ளினால் ஒரு குடம் தண்ணீர் அடுப்பில் விழும். கயலுக்குச் சளி பிடித்து, சளி இருமலாகி, இருமினால் சின்ன விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த நர்ஸ் அக்கா, "புள்ளைய ஈரத்துல வெக்காதீங்க, திரும்ப இப்படி வந்தா தாங்காது" என்றார். எங்கே வைப்பது? அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

"திருப்பூருக்குப் போயிடலாம் தேனு" என்றார் என் வீட்டுக்காரர். "பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம். ஒத்த ரூமா இருந்தாலும் மேல கூரை இருக்கும்ல."

என் மாமியார் சுவரைத் தடவிப் பார்த்தார். அந்தச் சுவரில் ஒவ்வொரு கல்லுக்கும் அவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

தினமும் உச்சிக்கு முன்னால் சங்கிலி இழுபடுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. இழுக்கும், நிற்கும். இழுக்கும், நிற்கும். பிறகு உச்சி தாண்டும். ஊரில் எந்த வீட்டிலும் சோறு இறங்கவில்லை. எல்லா வாசலுக்கும் முறை வந்து வந்து போனது, வரவேண்டிய ஆள் வரவில்லை. கோபுரத்திலிருந்து செங்கல் உதிரத் தொடங்கியது, பக்கிரிசாமி அண்ணன் காலையில் கூட்டி அள்ளுவார். கடல் காற்று அரிக்கிறது என்றார்கள் அதிகாரிகள். பட்டினி கிடக்கிற உடம்பை நாங்கள் பார்த்ததில்லையா என்ன?

திருப்பூர் போக மூட்டை கட்டிவைத்துவிட்ட காலை அது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடைசியாக ஒரு நல்ல சோறாக இருக்கட்டும் என்று அடுப்பை மூட்டி, புகை கண்ணில் அடிக்க, புது அரிசி வடித்து, ரசம் வைத்து, ஊறுகாயும் எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பிடி உருட்டினேன். சங்கிலி இழுபட்டது. உருண்டையைத் திரும்பத் தட்டில் போட்டேன். கயல் இருமினாள். இன்னொரு முறை உருட்டினேன், சங்கிலி இழுபட்டது, கயல் இருமினாள். இரண்டு சத்தமும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டுமே கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கின.

கயலை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு, மூட்டையைத் தாண்டி நடந்தேன்.

வேலி வாசலில் பக்கிரிசாமி அண்ணன் எழுந்து நின்றார். "வேணாம் தேனு. கேமரா வெச்சிருக்காங்கம்மா. என் வேலை போயிரும்."

"நீங்க அந்தாண்ட திரும்பிக்குங்கண்ணே" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார். அவர் வீட்டிலும்தான் சோறு இறங்கவில்லை.

வேலிக் கம்பிக்குள் கையை விட்டேன். எட்டவில்லை. கோபுரம் சங்கிலி இறுகச் சாய்ந்து பார்த்தது, அதற்கும் எட்டவில்லை. ஒரு முழம்தான் நடுவில். சோற்றில் மழைத் துளி விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அது எங்கள் வாசல் வாசலாக நின்றதே, நாங்களும் போட்டோமே, ஒருவராவது ஒரு வார்த்தை பேசினோமா? முதல் நாள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டது போலத்தான் ஊரே போட்டது. வீட்டுக்கு வந்த ஆளை வா என்று கூப்பிட்டதே இல்லை. அது வெறுமனே வாசலில் நின்றுவிட்டுத்தான் போனது, யாரும் கூப்பிடாத ஆள் என்பதால் துறைக்குச் சங்கிலி போட லேசாக இருந்தது.

"சாப்பிட வாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். கயல் என் வாயையே பார்த்தாள், அவளும் அம்மாவின் சத்தத்தை அதிகம் கேட்டவள் இல்லை.

"சாமி! சோறு ஆறுது! எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க!"

என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கூடத்தின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கோபுரம் ஒரு அடி எடுத்து வைத்தது. சங்கிலி அறுபடவில்லை, நாலு கான்கிரீட் தூணும் கடலைச் செடி பிடுங்குகிற மாதிரி வேரோடு மண்ணோடு வந்துவிட்டன. அவற்றை இழுத்துக்கொண்டே, வேலியைப் பாவாடை மாதிரி சுற்றிக்கொண்டே, அது என் பின்னால் நடந்து வந்தது.

"அடி ஆத்தி, ஊமச்சி வாயத் தொறந்துட்டா!" என்று ஜெகதா அக்கா தெருவில் நின்று கத்தினாள். "ஏ, எல்லாரும் வாங்கடி! இனிமே இவ வாய யாரு மூடுறது?"

வீட்டு வாசலில் தட்டோடு மாடத்தில் வைத்தேன். "ஊறுகாயும் இருக்கு" என்றேன். அது சாப்பிட்டது. உச்சி வந்தது, போனது, அது திரும்பிப் போகவில்லை. வடகிழக்கே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. கோபுரம் அந்தப் பக்கம் போய் எங்கள் வீட்டை ஒட்டி முதுகைக் காட்டி நின்றுகொண்டது. சாய்ந்து அடித்த மழை அத்தனையும் அதன் முதுகில் விழுந்தது. எங்கள் சுவருக்குள் ஒரு துளி விழவில்லை.

என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப விட்டா இனி எப்பங்க?" என்றேன்.

அவர் கொத்தனாரைக் கூட்டிவர ஓடினார். பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மேலத்தெருவிலிருந்து கலவை இயந்திரம் வந்தது, யார் வீட்டுக் கொல்லையிலோ பாய் போட்டு மூடி வைத்திருந்த சிமெண்டு வந்தது, நோட்டீஸ் ஒட்டியதால் நின்றுபோன எத்தனையோ வீட்டுச் சென்ட்ரிங் பலகைகள் ஆள் தலையில் ஏறி வந்தன, வெளியே கிடந்து துருவேறிய எங்கள் கம்பிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டினார்கள், பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினோம், என் மாமியார் உள்ளே அடுப்பில் எல்லோருக்கும் உப்புமா கிண்டினார், பக்கிரிசாமி அண்ணன் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஜெகதா அக்கா மேல் எறிந்து, "போங்க, இனிமே தோப்புக்குப் போவாதீங்க" என்றார். கடலிலிருந்து வந்த மழை முழுவதையும் ஒருவர் முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க, அவருக்கு இந்தப் பக்கத்தில், காய்ந்த மண்ணில் நின்று, எங்கள் வீட்டுக்குக் கூரை ஊற்றினோம்.

கான்கிரீட் இறுகுகிற வரைக்கும் அது அங்கேயே நின்றது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றது. அங்கே ஊற்றினார்கள். பிறகு அதற்கடுத்த வீடு. உச்சிக்கு முன்னால் எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுப் பெண் வாசலில் வந்து, "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து மழையில் நிற்கும். செங்கல் உதிர்வது நின்றிருந்தது.

துறை அங்கே, பழைய இடத்தில், வெறும் பள்ளத்தைச் சுற்றிப் புது வேலி போட்டது. நீலப் பலகையை நிமிர்த்தி நட்டது. சாயங்காலம் ஆனால் பள்ளத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து, வேலிக்கு வெளியே நின்று, பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் தெருவோடு கோபுரம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்துதான் எங்கள் வீட்டை இடிக்க உத்தரவு போட்டார்கள்.

அவர்கள் வந்தது எங்கள் வீட்டு முறை வந்த நாளில். தெருமுனையில் பொக்லைன் நின்று உறுமிக்கொண்டிருந்தது. நான் உள்ளே, என் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கயல் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள், இருமல் போய்விட்டது, தரை காய்ந்திருந்தது. வாசலில் வெளிச்சம் மறைந்தது. குடை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம், கையில் தாள்.

"அம்மா, கொஞ்சம் வெளியே வர்றீங்களா? இந்த வீடு சட்டப்படி இருக்கக்கூடாதுங்கம்மா. நூறு மீட்டருக்குள்ள வருது. நீங்களே சாமானை எடுத்துக்கிட்டா மரியாதையா இருக்கும்."

நான் எழுந்திருக்கவில்லை. உருட்டிய சோறு கையில் இருந்தது. வாசலில் ஒருவர் நிற்கும்போது எனக்கு எப்படி இறங்கும்? அவர் படித்துக்கொண்டே போனார், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் அவகாசம், எல்லாம் மரியாதையாக. படித்து முடித்துவிட்டு, "நான் சொல்றது புரியுதுங்களாம்மா?" என்றார்.

எழுந்து போய் அந்த முதல் பிடியை அவருக்கு நேரே நீட்டினேன்.

"என்னதும்மா இது?"

"வாசல்ல நிக்கிறீங்களே. சோறு."

"எனக்கு வேணாங்க."

"வாங்கிக்கிறதுன்னா கைய நீட்டுங்க சார். இல்லன்னா தள்ளி நில்லுங்க. ஒங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய கழுத்து மேலே மேலே போனது. குடை கையிலிருந்து சாய்ந்தது. தெருமுனையில் பொக்லைன்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். கோபுரம் ஒன்றும் செய்யவில்லை. மாடத்தை என் பக்கம் காட்டிக்கொண்டு, தன் முறை வருகிற வரைக்கும், சும்மா நின்றது.

அவர் தள்ளி நின்றார்.

"வாங்க, சாப்பிடுங்க" என்று சோற்றை மாடத்தில் வைத்தேன். பிறகு உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். கொடுக்கவேண்டிய பிடியை நீட்டியாகிவிட்டது, வாங்காதது அவர் பாடு. நன்றாகப் பிசைந்து, வாய் நிறைய வைத்து, மென்று விழுங்கினேன்.

இறங்கியது.